கன்னத்தில் ஒரு கறை

நடுவயதைக் கடந்த ஒருவரின் கன்னத்தில் பயற்றம் பருப்பளவான பழுப்புக் கறையொன்று தோன்றுகிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, விரலால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளமும் இல்லை. "வயது போகிறது, அதனால் வந்த புள்ளி" என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். சில வேளைகளில் அது பிழைத்துவிடுகிறது. அந்தச் சில வேளைகளைப் பற்றியே இவ்வாரம் நாம் எழுதப் புகுகின்றோம்.

தோலுக்கு நிறத்தைக் கொடுக்கும் கலங்களிலே தோன்றும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். தோலிற் பிறக்கும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் இது சிறியது. உயிரைப் பறிப்பதிலோ முன்னிற்பது. இதில் ஒரு வகை, பல்லாண்டு வெயிலினாற் பழுதடைந்த முகத்திலும் கழுத்திலும் மிக மெதுவாக, ஒரு கறை ஊறிப் பரவுவதுபோலப் படர்கிறது. இந்நோயைப் பற்றிய அறிவும் அனுபவமும் மிகுதியாகத் திரண்டிருக்கும் நாடு அவுஸ்திரேலியா. ஆதலால் நமது பேச்சும் பெரும்பாலும் அந்நாட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

நம்மவர் முகத்தில் இந்நோய் மிக அரிது. அவ்வாறாயின் நமக்கு இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு உண்டு. ஆரம்பத்திலே கண்டால் சிறியதொரு சத்திரசிகிச்சையோடு ஒழிந்து போவது, காலந் தாழ்த்தினால் உயிரைக் கொள்ளும் நோயாக மாறுவது எவ்வாறு என்பதை இதுபோலக் கண்முன்னே காட்டும் நோய்கள் சிலவே. இஃது ஒன்று. இந்நோயின் உடன்பிறப்பு ஒன்று நம்போன்ற கருநிறத்தாரின் பாதத்திலே தோன்றுவதுண்டு என்பது மற்றையது. அதனை முடிவிலே சொல்வோம்.

வெள்ளைத் தோலும் வெயில் நாடும்

அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நாட்டு வெயிலிலே வாழ்ந்து வந்தவர்கள். கருநிறத் தோல் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. 1788ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேறிய ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியரும் ஐரிஷ்காரரும் மங்கிய வெயிலுக்கு இசைந்த வெண்ணிறத் தோலை உடையவர்கள். அத்தோலுடன் அவர்கள் ஆடு மேய்த்தார்கள், கரும்பு வெட்டினார்கள், கடற்கரையிலே நீந்தி மகிழ்ந்தார்கள். சூரியன் அன்றன்றே கூலி கேட்பதில்லை. கணக்கை எழுதி வைத்து, முப்பது நாற்பது ஆண்டு சென்றபின் வந்து கேட்கிறது.

இங்கு மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். தோலின் மேற்படையின் அடித்தளத்திலே நிறக்கலங்கள் இடையிடையே அமைந்துள்ளன. வெண்ணிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இக்கலங்களின் தொகை ஏறக்குறைய ஒன்றேயாம். அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவிலும் வகையிலுமே வேற்றுமை காணப்படுகிறது. நிறக்கலம் தான் ஆக்கிய மெலனின் மணிகளை அயலிலுள்ள தோற்கலங்களுக்கு வழங்குகிறது. அம்மணிகள் ஒவ்வொரு கலத்தின் கருவுக்கும் மேலே குடைபோலக் கவிந்து நிற்கின்றன. குடை தடித்ததாயின், சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் கருவினுள்ளே புகுந்து மரபுப்பொருளைச் சிதைப்பது அரிதாகும். குடை மெல்லியதாயின் சிதைவு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். உடல் அதிற் பெரும்பகுதியைப் பழுதுபார்த்துவிடும். பழுதுபார்க்கப்படாமல் எஞ்சியவை சேர்ந்து, ஒரு நாள் ஒரு கலத்தைக் கட்டுக்கடங்காமற் பெருகச் செய்கின்றன.

1956ஆம் ஆண்டில், சிட்னியைச் சேர்ந்த புள்ளிவிவர அறிஞர் ஒலிவர் லங்காஸ்ரர், ஐரோப்பிய வமிசத்தினரிடையே நிகழ்ந்த மெலனோமா மரணங்களை நாடு நாடாக ஒப்புநோக்கினார். பூமத்திய ரேகையை அணுக அணுக அம்மரணங்கள் மிகுகின்றன என்பது புலனாயிற்று. சூரியனின்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு அது வலிய சாட்சியாக அமைந்தது. 1963இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலே நெவில் டேவிஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் முயற்சியால் மெலனோமா ஆராய்ச்சித் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. காலத்தோடு கண்டு வெட்டியெடுத்தால் நோயாளி பிழைப்பார் என்பதை வைத்தியருக்கும் பொதுமக்களுக்கும் ஒருங்கே கற்பித்தமை அத்திட்டத்தின் பெரும் பணியாகும்.

மைசூர்ப் பருப்பின் பெயர் கொண்ட நோய்

மெலனோமாக்களுட் பல, சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ தம் சுயரூபத்தைக் காட்டிவிடுகின்றன. வெயிலாற் பழுதடைந்த தோலில் வரும் வகையோ பொறுமை மிக்கது. 1890களில் இலண்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜொனதன் ஹச்சின்சன், முதியவர்களின் முகத்திற் படரும் இத்தகைய கறையைத் தனியானதொரு நோயாக விவரித்தார். அவுஸ்திரேலியாவிலே நெடுங்காலம் இதனை ஹச்சின்சன் புள்ளி என்றே வழங்கினர். இன்று வைத்திய நூல்கள் கூறும் பெயர் லென்டைகோ மலிக்னா. லென்டைகோ என்னும் இலத்தீன் சொல், நம் வீடுகளிலே நாள்தோறும் கொதிக்கும் மைசூர்ப் பருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பருப்புப்போன்ற புள்ளி என்பது கருத்து. மலிக்னா என்றால் தீயது.

அறுபது வயதைக் கடந்தவர்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. கன்னம், மூக்கு, நெற்றி, காது, கழுத்து ஆகியனவும், வழுக்கை விழுந்த தலையும் இதற்குப் பிரியமான இடங்கள். முதலிலே மங்கிய பழுப்பாகத் தோன்றி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அகலும். ஓரங்கள் தேசப்படத்திலுள்ள கரையோரம்போல வளைந்து நெளிந்து செல்லும். ஒரு பக்கம் கருமை ஏற, மற்றொரு பக்கம் நிறம் மங்கி மறைவதுமுண்டு. மறைந்த பக்கத்தைக் கண்டு, "தானே மாறி வருகிறது" என்று நோயாளி மகிழ்வார். கறையோ தன் எல்லையை மாற்றிக்கொண்டு மறுபுறமாக நடந்துகொண்டிருக்கும்.

இந்நிலையில் நோய்க்கலங்கள் தோலின் மேற்படையிலேயே தங்கியிருக்கின்றன. மேற்படையில் இரத்தக் குழாயும் இல்லை. நிணநீர்க் குழாயும் இல்லை. ஆகவே நோய் உடலின் வேறிடங்களுக்குச் செல்ல வழியே இல்லை. மேற்படைக்கும் உட்படைக்கும் இடையே மெல்லிய சவ்வொன்று வேலிபோல நிற்கிறது. அவ்வேலியைக் கடந்து ஒரு கலம் உட்படையிலே காலூன்றிய நாளிலிருந்து கதை வேறாகிறது. அங்கே குழாய்கள் உண்டு; அவை நிணநீர்க் கணுக்களுக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் செல்லும் பாதைகள்.

எல்லாக் கறைகளும் வேலியைக் கடப்பதில்லை. பல கறைகள், அவற்றை உடையவர் வேறொரு காரணத்தால் இறக்கும்வரை மேற்படையிலேயே கிடந்துவிடுகின்றன. ஆயினும் எந்தக் கறை கடக்கும், எப்பொழுது கடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவல்ல சோதனை இன்றும் இல்லை. இந்நோயின் சிக்கலெல்லாம் இந்த ஓரிடத்திலேதான் இருக்கிறது. அது தரும் காலம் நீண்டது. அக்காலத்தின் நீளமே நம்மை அலட்சியத்துக்கு ஆளாக்குகிறது.

கண்ணாற் காண்பது எவ்வளவு?

1985ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் சரும வைத்தியர்கள், மெலனோமாவைச் சந்தேகிப்பதற்கு நான்கு அடையாளங்களைத் தொகுத்துக் கொடுத்தனர். உருவத்தின் இரு பாதிகளும் ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், நிறம் பலவாதல், விட்டம் ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படுதல் என்பன அவை. காலப்போக்கில் மாறுதல் என்னும் ஐந்தாவது அடையாளம் 2004இற் சேர்க்கப்பட்டது. இவற்றை மனத்தில் வைத்திருப்பது யாவருக்கும் நன்று.

ஆயினும் வெயிலிற் காய்ந்த முதியவரின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தோல் தடித்து, மஞ்சள் பாரித்து, குறுக்கும் நெடுக்குமாக வரிகள் ஓடிக் கிடக்கும். அதன்மேல் வயதுப் புள்ளிகள் பல இருக்கும். மெழுகு ஒட்டினாற்போன்ற தீங்கற்ற பழுப்புத் தடிப்புகள் இருக்கும். தொட்டால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும் செதில்கள் இருக்கும். இவற்றுட் பல ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை. பல ஒழுங்கற்ற ஓரம் உடையவை. இந்தக் கூட்டத்தினுள்ளே பிறந்து, அவற்றின் உடையையே உடுத்து நிற்கும் ஒரு தீய புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே அனுபவமுள்ள வைத்தியர், மற்றைய புள்ளிகளோடு சேராமல் வேறாக நிற்பது எது என்று முதலிலே பார்க்கிறார். பின்னர், எது மாறி வருகிறது என்று கேட்கிறார். பழைய குடும்பப் படங்கள் இங்கே பெரிதும் உதவும். பத்தாண்டுக்கு முந்திய கலியாணப் படத்திலே இல்லாத கறை இன்றைக்கு இருக்குமாயின், அது ஒரு தகவல்.

அடுத்ததாக வைத்தியர் கையிலெடுப்பது, தோலின்மேல் வைத்துப் பார்க்கும் ஒளியுடன் கூடிய சிறு உருப்பெருக்கிக் கருவி. டெர்மாஸ்கோப் என்று அதனை அழைப்பர். சாதாரணமாகப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும். தோலின் மேற்பரப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதை அது நீக்கிவிடுவதால், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நிறக் கோலங்கள் தோன்றுகின்றன. முகத்திலே மயிர்த்துளைகள் நெருக்கமாக உண்டல்லவா? தீய கறையில், சில மயிர்த்துளைகளைச் சுற்றிச் சாம்பல் நிறம் ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வளையமிட்டிருக்கும். நோய் முதிர முதிரத் துளைகளுக்கு இடையிலே சாம்பற் புள்ளிகளும் சாய்சதுரக் கோடுகளும் தோன்றி, ஈற்றில் துளைகளையே மூடிவிடும். முகத்துப் பழுப்புக் கறையினுள்ளே சாம்பல் நிறம் கலந்திருக்கக் கண்டால், வைத்தியர் அதனை எளிதில் விட்டுவிடுவதில்லை.

முடிவான தீர்ப்பை வழங்குவது நுணுக்குக்காட்டி. சந்தேகமான புள்ளி சிறியதாயின் முழுவதையுமே எடுத்துச் சோதிப்பது உத்தமம். முகத்திலே பரந்து கிடக்கும் கறையை அவ்வாறு எடுத்தல் இயலாதாகையால், அதன் வெவ்வேறு பகுதிகளிலிருந்து சிறு துண்டுகளையோ, அகன்ற மெல்லிய சீவலொன்றையோ எடுப்பர். ஒரே ஒரு துண்டு ஏமாற்றிவிடக்கூடும். ஒரே கறையின் ஒரு மூலை தீங்கற்ற வயதுப் புள்ளியாகவும், நடுப்பகுதி மேற்படை மெலனோமாவாகவும், இன்னொரு மூலை வேலி கடந்த நோயாகவும் இருப்பதுண்டு.

நுணுக்குக்காட்டியின் முன்னே அமர்ந்திருக்கும் நிபுணருக்கும் இக்கட்டு உண்டு. நீண்டகாலம் வெயில் பட்ட தோலில், நோய் இல்லாத இடத்திலுங்கூட நிறக்கலங்கள் இயல்புக்கு மிகுந்து காணப்படும். அப்படியானால் நோய் எங்கே முடிகிறது, வெயிலின் பழைய சேதம் எங்கே தொடங்குகிறது? இக்கேள்விக்குச் சில வேளைகளில் நிபுணர் இருவர் இருவிதமாக விடை கூறுவர். ஆகவே கறையின் அளவு, வயது, எப்பகுதியிலிருந்து துண்டு எடுக்கப்பட்டது என்பனவற்றையும், கூடுமாயின் படத்தையும், துண்டோடு சேர்த்து அனுப்புவது நல்ல வைத்தியரின் வழக்கம்.

இவற்றினின்று ஒரு விதி பிறக்கிறது. முகத்திலுள்ள நிறக்கறையை, இன்னதென்று நிச்சயிக்காமல் அழிக்க முயலுதல் கூடாது. திரவ நைதரசன் வைத்து உறையச் செய்தல், லேசர் ஒளியாற் சுடுதல், வெளுக்கும் களிம்பு பூசுதல் என அழகுக்காகச் செய்யப்படும் முறைகள் பல. கறை தீயதாயின், மேலேயுள்ள நிறம் போய்விடும். கீழேயுள்ள கலங்கள் எஞ்சி நிற்கும். நிறமற்ற அந்நோய் பின்னர் யார் கண்ணுக்கும் தென்படாது வளரும். அதனை இனங்காட்டக்கூடிய அடையாளமும் அழிந்துபோயிருக்கும். அழகு நிலையத்துக்குப் போகுமுன் வைத்தியரிடம் போகவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

கத்தியும் களிம்பும்

1907ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த சாம்ப்சன் ஹான்ட்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், மெலனோமாவைச் சுற்றிலும் மிக அகலமாகத் தோலையும் அதன் கீழுள்ள தசையையும் எடுக்கவேண்டும் என்று உரைத்தார். அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக, சிறு புள்ளிக்கும் ஐந்து சென்ரிமீற்றர் அகலம் வெட்டுவது வழக்கமாயிற்று. ஆழ்ந்த குழியும் ஒட்டுத்தோலும் நோயாளியின் பங்காயின.

இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்கர். நோய் தோலினுள்ளே எத்தனை மில்லிமீற்றர் தடிப்புக்கு இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் விதியைக் காட்டும் சிறந்த அளவுகோல் என்று 1970இல் அவர் நிறுவினார். மேற்பரப்பில் எவ்வளவு அகலம் என்பது அத்துணை முக்கியமன்று. மேற்படையிலேயே தங்கிய நோயை முற்றாக நீக்கினால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கின்றனர். ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட தடிப்பானால், ஐந்தாண்டின் பின் உயிரோடிருப்போர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். தடிப்பு நான்கு மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டால் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு நெல்மணியின் நீளத்திற்குள்ளே வாழ்வும் சாவும் அடங்கிவிடுகின்றன.

எனவே இன்று வெட்டின் அகலம் தடிப்புக்குத் தக்கபடி அளந்து கொடுக்கப்படுகிறது. மேற்படை மெலனோமாவுக்குச் சுற்றிலும் ஐந்து முதல் பத்து மில்லிமீற்றர் வரை நல்ல தோலைச் சேர்த்து எடுக்கும்படி அவுஸ்திரேலிய வைத்திய விதிகள் கூறுகின்றன. ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட நோய்க்கு ஒரு சென்ரிமீற்றர். மிகத் தடித்ததற்கு இரண்டு. முகத்துக் கறைகளின் ஓரம் கண்ணுக்குத் தெரிவதற்கு அப்பாலும் பரவியிருப்பதால், ஐந்து மில்லிமீற்றர் பல வேளைகளிற் போதாது. கண்ணிமைக்கும் உதட்டுக்கும் அருகிலோ பத்து மில்லிமீற்றர் எடுக்க இடமில்லை. இத்தகைய இடங்களிற் கட்டங்கட்டமாக வெட்டுவர். முதலில் எடுத்த பகுதியின் ஓரம் முழுவதையும் சோதித்து, நோய் எஞ்சியிருக்கும் பக்கத்தில் மட்டும் மேலும் வெட்டி, ஓரம் சுத்தமானபின்னரே புண்ணை மூடுவர். சில நாட்கள் கட்டுடன் காத்திருக்க வேண்டியிருப்பினும், முகத்தை வீணே இழப்பதைவிட அது மேலானது.

எண்பத்தைந்து வயதான ஒருவரின் கன்னம் முழுவதும் கறை பரந்திருக்கிறது, இதயமும் பலவீனம். அவரை என் செய்வது? இங்கே கத்தி ஒன்றே வழி என்று சொல்லிவிட முடியாது. இமிக்குயிமோட் என்னும் களிம்பை வாரத்திற் பல நாட்களாக ஏறக்குறைய மூன்று மாதம் பூசுவது ஒரு முறை. அது உடலின் காவற்படையை அவ்விடத்துக்கு அழைத்து நோயைத் தாக்கச் செய்கிறது. தோல் சிவந்து புண்ணாவது அத்தாக்குதலின் அடையாளம். கதிர்ச்சிகிச்சை மற்றொரு முறை. இவை இரண்டும் பலருக்கு நன்மை செய்கின்றன. ஆயின் வெட்டியெடுத்த துண்டுபோலச் சோதித்துப் பார்க்க எதுவும் கையில் இராது; வேலி கடந்த நோய் எங்கேனும் ஒளிந்திருந்தால் அது தெரியாமற் போகலாம்; நோய் மீண்டும் வருதலும் கூடும். ஒன்றுமே செய்யாமற் கவனித்து வருவதும், மிக முதிர்ந்தவருக்குச் சில வேளைகளில் நியாயமான தீர்மானமே. எஞ்சிய ஆயுள், கறையின் வேகம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் நிறுத்துப் பார்த்து, வைத்தியரும் நோயாளியும் குடும்பத்தாரும் கூடிச் செய்யவேண்டிய முடிவு அது.

உடலெங்கும் பரவிய மெலனோமாவுக்கு 2011 வரையிலே பயனுள்ள மருந்து இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். உடலின் காவற்படைக்கு இடப்பட்டிருக்கும் தடையை நீக்கும் புதிய மருந்துகள் அதன்பின் வந்தன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். இவ்வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ இருவருக்கும் 2018ஆம் ஆண்டின் வைத்திய நோபல் பரிசு கிடைத்தது. மெலனோமா வைத்தியத்தில் முன்னோடிகளான ஜோர்ஜினா லோங், றிச்சட் ஸ்கோலியர் ஆகிய இருவரை 2024ஆம் ஆண்டுக்குரிய அவுஸ்திரேலியராகத் தெரிந்து அந்நாடு பெருமைப்படுத்தியது. இம்மருந்துகள் விலையுயர்ந்தவை, கடும் பக்க விளைவுகளும் உள்ளவை. கன்னத்துக் கறையை உரிய காலத்தில் எடுத்தவருக்கு அவை தேவைப்படுவதே இல்லை.

தொப்பி இல்லையேல் விளையாட்டில்லை

1981இல் விக்டோரியா மாநிலத்திலே, சிட் என்னும் கடற்புறா ஆடிப்பாடும் சிறு விளம்பரப் படமொன்று தொலைக்காட்சியில் வந்தது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்பதே அப்புறாவின் உபதேசம். நிழலை நாடு, கறுப்புக் கண்ணாடி அணி என்னும் இரண்டும் பின்னர்ச் சேர்ந்தன. அந்நாட்டு ஆரம்ப பாடசாலைகள் பலவற்றில் தொப்பி அணியாத பிள்ளை வெளியே சென்று விளையாட முடியாது. உடலைப் பழுப்பாக்குவதற்கென மின்விளக்கின்கீழ்ப் படுக்கவைக்கும் வியாபாரத்தை, மாநிலங்கள் 2014இன் முடிவுக்கும் 2016இன் தொடக்கத்துக்கும் இடையிலே தடைசெய்தன.

களிம்பு உண்மையிலே காக்குமா என்ற கேள்விக்கும் விடை கண்டனர். 1992இல் குவீன்ஸ்லாந்திலுள்ள நம்பூர் என்னும் ஊரில் 1621 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கியதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் களிம்பு பூசச் செய்தனர். மற்றையோர் தம் விருப்பம்போல் நடந்தனர். 2011இல் வெளியான முடிவின்படி, நாள்தோறும் பூசியவரிடையே தோன்றிய மெலனோமா, மற்றைப் பிரிவினரிடம் தோன்றியதில் ஏறக்குறையப் பாதியே. இன்று அந்நாட்டு இளந்தலைமுறையினரிடையே இந்நோய் குறைந்து வருகிறது. முதியவரின் பழைய கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

நம் பாதத்தை நாம் பார்க்கிறோமா?

நமது தோலின் நிறம் நமக்குக் கிடைத்த நல்ல குடை. வெயிலால் வரும் மெலனோமா நம்மிடையே அரிதாயிருப்பது அதனாலேயே. ஆயின் குடை எல்லா மழையையும் தடுப்பதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலே தோன்றும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. கருநிறத்தாருக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் இவ்விடங்களிலேதான் வருகிறது. "நமக்கு இந்நோய் வராது" என்னும் எண்ணத்தால், வைத்தியரிடம் செல்லும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஜமெய்க்கா நாட்டுப் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லியின் கதை இதற்குச் சான்று. அவருடைய காற்பெருவிரலில் இருந்த புண், உதைபந்தாட்டத்திற் பட்ட காயம் என்றே கருதப்பட்டது. அது நகத்தின் கீழே தோன்றிய மெலனோமா என்று 1977இல் தெரியவந்தது. விரலை வெட்டிவிடுவதற்கு அவர் இணங்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது முப்பத்தாறாவது வயதிலே அவர் காலமானார்.

முன்னே நாம் குறிப்பிட்ட ஹச்சின்சன் இங்கும் வருகிறார். நகத்தின் கீழே தோன்றும் மெலனோமாவை 1886இல் விவரித்தவரும் அவரே. நகத்தில் ஓடும் கரிய கோடு அகன்று, நகத்தைச் சூழ்ந்த தோலிலும் கருமை பரவுமாயின், அதனை வைத்தியர்கள் இன்றும் ஹச்சின்சன் அடையாளம் என்பர். ஆனால் வாசகர்கள் வீணே கலங்கவேண்டாம். கருநிறத்தார் பலருக்கு நகங்கள் பலவற்றிலும் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கோடே கவனிக்கத்தக்கது. அவ்வாறே உள்ளங்காலில் வளர்ந்துவரும் கரும்புள்ளியையும், முள் குத்தியது என்றோ ஆணி என்றோ நினைத்திருக்க ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறாத புண்ணையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆணி என்று எண்ணி வீட்டிலேயே வெட்டுவதும், சுடுவதும், காரம் வைப்பதும் ஆகா. கன்னத்துக் கறைக்குச் சொன்ன விதியே காலுக்கும் பொருந்தும்.

வெளியே சென்று வந்தால் கால் கழுவுதல் நம் வீட்டு வழக்கம். அவ்வாறு கழுவும்போது மாதத்துக்கு ஒரு முறையேனும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தல் நன்று. குனிய இயலாத முதியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அவுஸ்திரேலியாவிலே வாழும் நம்மவர்கள், அங்கே வயது முதிர்ந்த வெள்ளைக்கார அயலவர் கன்னத்திலே மாறிவரும் கறையைக் கண்டால், "குடும்ப வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்ல அயலுறவாகும். சந்தேகமான புள்ளி உள்ளவர் தம் குடும்ப வைத்தியரையோ, அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவையோ நாடலாம். பெரும்பாலானோர் "ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புவர். அவ்வாறல்லாத சிலருக்கு, அன்று சென்ற அந்த ஒரு பயணமே உயிரைக் காத்துக் கொடுக்கும்.